புதுப்பிப்பு: கிளவுட் போன் சேவை, ஒப்பந்தக் கையெழுத்துக்கு முன்

கிளவுட் போன் என்பது இணையம் வழியே இயங்கும் அலுவலக போன் சேவை. முந்தைய பதிவு அதன் கட்டணம், வசதிகள் பற்றியது. சோதனைக் காலத்தில் எதைப் பார்ப்பது என்று கேட்டவர்களுக்காக இது.

ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டல் தரவாக மாற்றும் ஒரு முறை) ஓர் அழைப்புக்குப் போக, வர தலா சுமார் 90 கேபிபிஎஸ் போதும். 20 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் போக, வர தலா 2 எம்பிபிஎஸ் தாண்டாது. அதனால் வேகத்தைவிட ஜிட்டரை, அதாவது குரல் தரவு வந்துசேரும் நேரத்தில் வரும் ஏற்ற இறக்கத்தைக் கவனியுங்கள். 30 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் குரல் உடைய ஆரம்பிக்கும். வேலை மும்முரமான நேரத்தில், பெரிய ஃபைல் ஒன்றை அப்லோட் செய்துகொண்டே பேசிப் பாருங்கள். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கிறதா? நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜியை (இணைய அழைப்புத் தரவை ரூட்டரே இடையில் மாற்றும் வசதி) ஆஃப் செய்யுங்கள். பல நேரம் வில்லன் அதுதான்.

99.9% நேரம் சேவை இயங்கும் என்று உத்தரவாதம் தந்தாலும் மாதம் 43 நிமிடம் லைன் செத்துக் கிடக்கலாம். அப்போது அழைப்புகள் தானாக மொபைலுக்குத் திரும்புமா? எழுத்தில் வாங்குங்கள். உங்கள் எண் புது நிறுவனத்துக்கு முழுதாக மாறி முடியும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள், எண்ணே பறிபோகலாம்.