வடசென்னையில் குடும்பம் சுருங்குவதைக் கிட்ட நின்று பார்ப்பவர்கள்: அனுபவப் பகிர்வு

இழையைத் தொடங்குபவர்

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்றது. மாதிரி இடங்களில் பிறப்பு, இறப்பைத் தொடர்ந்து எண்ணும் மாதிரிப் பதிவு முறை 2020க்கு 1.4 என்றது. மக்கள்தொகை தன்னைத்தானே ஈடுகட்டிக்கொள்ள 2.1 வேண்டும். இதெல்லாம் பேப்பரில் வந்தாகிவிட்டது. எர்ணாவூரிலிருந்து ஓட்டேரி வரை வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள் என்ன பார்க்கிறீர்கள், அதைப் பதியும்போது எங்கே சறுக்குகிறது என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். நாளைக்கு இந்த வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகளுக்குப் பயன்படுவது போதும்.

நகர சுகாதாரச் செவிலியர், தண்டையார்பேட்டை பக்கம்

முதல் சறுக்கல் இடத்தில்தான். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கு மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டியிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அத்தனை பிறப்பும் ராயபுரம் மண்டலக் கணக்கில் ஏறும். அதை அந்த மண்டல மக்கள்தொகையால் வகுத்தால், ராயபுரத்தில் பிள்ளை கொட்டுகிறது என்றும் மீஞ்சூரில் யாரும் பெறுவதே இல்லை என்றும் வரும்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் இன்னும் விடவில்லை. வளைகாப்பு முடிந்ததும் வியாசர்பாடிப் பெண் செங்கல்பட்டுக்குப் போய்விடுவாள், ஆரணிக்குக் கட்டிக்கொடுத்தவள் கொருக்குப்பேட்டைக்கு வந்துவிடுவாள். அதனால் பிறந்த இடத்தை வைத்து எண்ணாதீர்கள். பிறப்பு அறிக்கைப் படிவத்தின் புள்ளியியல் பகுதியில் தாய் வழக்கமாகக் குடியிருக்கும் ஊர் என்று ஒரு கட்டம் உண்டு, அதை எடுங்கள். கூடவே கர்ப்பிணியைப் பதிந்து கொடுக்கும் பிக்மி எண்ணைப் பாருங்கள். கர்ப்பமான 12 வாரத்துக்குள் பதிந்திருந்தால், பெரும்பாலும் அவள் குடியிருக்கும் இடத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் பதிந்திருப்பாள்.

அதே படிவத்தில் கல்யாணமானபோது தாயின் வயது, இந்தக் குழந்தையோடு சேர்த்து உயிரோடு பிறந்தவை எத்தனை என்ற கேள்விகளும் இருக்கின்றன. நம் வேலைக்குத் தங்கமான கேள்விகள். ஆனால் கூட வந்த அத்தையோ மாமாவோ நின்ற வாக்கில் சொல்வதைத்தான் எழுதுகிறார்கள். 17இல் கல்யாணம் ஆனவளுக்கும் 18 என்று விழும். தாயிடமே கேட்டு எழுதினால் இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பயிற்சியாளர்

2027 கணக்கெடுப்புக்குப் போகிறவர்களுக்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குடும்பம் என்றால் வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள். ரேஷன் கார்டு இல்லை, கதவு எண்ணும் இல்லை. குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய வீடுகளில் ஒரே கூடத்தில் மாமியார் அடுப்பு ஒரு மூலையிலும் மருமகள் அடுப்பு வராண்டாவிலும் இருக்கும். அது இரண்டு குடும்பம். வேறு வேறு அறையில் படுத்தாலும் ஒரே சோறு என்றால் ஒரு குடும்பம். "உலை எத்தனை வைக்கிறீங்க?" என்று கேட்டால் சரியான விடை வந்துவிடும். கார்டை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை கார்டுக்கு ஒருவருக்குத்தான். ஒரே உலையில் சாப்பிடுகிறவர்களும் தனிக் கார்டு வாங்கத் துடிப்பதற்கு அது ஒரு காரணம்.

அடுத்தது பிள்ளைக் கணக்கு. "பிள்ளைங்க எத்தனைம்மா?" என்று மொட்டையாகக் கேட்டால், வீட்டில் இப்போது இருக்கிறவர்களை மட்டும்தான் சொல்வார்கள். கட்டிக்கொடுத்த பெண் விட்டுப்போகும், செத்த பிள்ளை கட்டாயம் விட்டுப்போகும். கேள்வியை உடைத்துக் கேளுங்கள். கூட இருக்கும் ஆண் எத்தனை, பெண் எத்தனை. வெளியில் இருக்கும் ஆண் எத்தனை, பெண் எத்தனை. பிறந்து தவறியது ஆண் எத்தனை, பெண் எத்தனை. ஆறையும் கூட்டி, "மொத்தம் இத்தனை, சரிதானாம்மா?" என்று திருப்பிச் சொல்லுங்கள். பிறந்து ஒரு தடவை அழுதிருந்தாலும் அது உயிர்ப்பிறப்பு, எழுத வேண்டும். வயிற்றிலேயே இறந்தது இந்தக் கணக்கில் வராது. தவறியதைக் கேட்கும்போது மாமியார் பக்கத்தில் இருந்தால் வாயே திறக்க மாட்டார்கள். ஒரு சொம்பு தண்ணீர் கேளுங்கள், அவர் உள்ளே போகும் நேரத்தில் கேட்டுவிடலாம்.

வயதும் அப்படித்தான். எல்லாரும் 40, 45, 50 என்று முழு எண்ணில் சொல்வார்கள். ஊர் சம்பவத்தை வைத்துப் பிடிக்க வேண்டும். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர், ராஜீவ் காந்தி கொலை 1991 மே, பி அண்ட் சி துணி மில் மூடியது 1996, சுனாமி 2004 டிசம்பர், பெருவெள்ளம் 2015 டிசம்பர். காசிமேட்டிலும் எண்ணூரிலும் "சுனாமியப்ப பெரியவன் நடந்தானா, தவழ்ந்தானா?" என்று கேட்டால் பையன் வயது மாதக் கணக்கில் வந்துவிடும், தாயின் வயதை அதிலிருந்து பின்னோக்கிப் பிடிக்கலாம்.

இப்படிக் கேட்டால் ஒரே வாசலில் மூன்று தலைமுறை தெரியும். பாட்டி ஆறு, ஏழு பெற்று நாலு தங்கியிருக்கும். மகள் இரண்டோடு நிறுத்தியிருப்பாள். பேத்திக்கு ஒன்று, அல்லது இன்னும் இல்லை. பாட்டிகள் சொல்லும் காரணத்தைத் தள்ளிவிடாதீர்கள்: "தங்குமான்னு தெரியாதுல்ல, அதான் பெத்துக்கினோம்." 1992–93 குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு வயதுக்குள் இறந்தது ஆயிரத்துக்கு 68 குழந்தைகள். 2019–21இல் ஏறத்தாழ 19. பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்ததும் பெறுவது குறைந்ததற்கு ஒரு காரணம்.

குடும்ப நல ஆலோசகர், புளியந்தோப்பு

மேலே "நிறுத்தியிருப்பாள்" என்று ஒரே சொல்லில் போய்விட்டது. அந்த இடத்தில் நின்று பேச வேண்டும். தமிழ்நாட்டில் பிள்ளைப்பேறு குறைந்தது பெண்ணின் வயிற்றில் போட்ட கத்தியால். மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1950களிலேயே அறுவைக்கு ஊக்கத்தொகை கொடுத்த மாநிலம் இது, அப்போது ஆண்களும் நிறையப் பேர் வந்தார்கள். நெருக்கடி நிலைக் காலத்துக்குப் பிறகு நாடு முழுவதும் ஆண்கள் ஒதுங்கிவிட்டார்கள். சுமை முழுக்கப் பெண் தலையில் விழுந்தது.

இங்கே வழக்கமாக நடப்பது இது. 19, 20இல் கல்யாணம், 21இல் ஒன்று, 24இல் இரண்டாவது. இரண்டாவதும் சிசேரியன் என்றால் அதே மேசையில் கருக்குழாயையும் கட்டிவிடுவது. பேச்சுவார்த்தை பிரசவ வலிக்கு நடுவில் நடக்கக் கூடாது. ஏழாம் மாதச் செக்கப்பிலேயே பேசிவிடுங்கள். அறுவைக்குப் பெண்ணுக்கு 22 வயது முடிந்திருக்க வேண்டும், குறைந்தது ஒரு பிள்ளையாவது ஒரு வயது தாண்டியிருக்க வேண்டும். கணவனின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை, அவள் ஒப்புதல் போதும். இதைப் பல வார்டுகளில் யாரும் சொல்வதே இல்லை.

முடிவெடுக்காதவளுக்குக் காப்பர் டி. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம், தவறினால் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். சொல்லாமல் போட்டுவிட்டார்கள் என்ற புகாரை இங்கே கேட்டிருக்கிறோம். அது பெரிய தவறு. அப்படிப் போட்டதை ஒரு மாதத்தில் எடுக்க வருவார்கள், பிறகு தெருவே காப்பர் டி என்றால் ஓடும். அந்தரா கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சாயா கருத்தடை மாத்திரை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. இந்த மாற்றத்தில்தான் குழப்பம் வரும், காலண்டரில் கிழமையை வட்டம் போட்டுக் கொடுங்கள். ஆணுக்கான தழும்பில்லா அறுவை பத்து, பதினைந்து நிமிட வேலை. ஆனால் மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வந்த பிறகுதான் பாதுகாப்பு. அதைச் சொல்லாமல் அனுப்பினால் மனைவி கர்ப்பமாவாள், பழி அவள் நடத்தை மேல் விழும். இதைவிடக் கொடுமை வேறில்லை.

இரண்டும் பெண் என்றால் முதல்வரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் ஆளுக்கு ரூ. 25,000 வைப்பு. ஒரே பெண்ணோடு நிறுத்தினால் ரூ. 50,000. பெற்றோரில் ஒருவர் அறுவை செய்திருக்க வேண்டும், கடைசிப் பிள்ளைக்கு மூன்று வயது ஆவதற்குள் மனு போட வேண்டும். அந்த மூன்று வயதைத் தவற விடுகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது ஒன்றோடு நிறுத்துகிறவர்கள் சொல்வது வாடகையும் ஸ்கூல் ஃபீஸும். ஒற்றை அறை வீட்டுக்கு "மொத்தம் எத்தனை பேர்?" என்றுதான் ஓனர் முதலில் கேட்கிறார். மில் வேலை நிரந்தரமாக இருந்த அப்பாவுக்கு மூன்று பிள்ளை பயமில்லை. காண்டிராக்டில் ஓடும் மகனுக்கு ஒன்றே பயம்.

புள்ளியியல் விரிவுரையாளர்

வார்டு அளவில் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளை என்ற எண், போடத் துடிப்பவர்களுக்கு. 15 முதல் 49 வரை ஐந்தைந்து வயதாக ஏழு தொகுதி. ஒவ்வொன்றிலும் ஓராண்டுப் பிறப்பைப் பெண்கள் எண்ணிக்கையால் வகுத்து, ஏழையும் கூட்டி, ஐந்தால் பெருக்குங்கள். விளங்குவதற்காக மட்டும்: தொகுதிக்கு 200 பெண்கள், பிறப்பு வரிசையாக 2, 18, 22, 10, 3, 0, 0 என்று வைத்தால், 0.01, 0.09, 0.11, 0.05, 0.015. கூட்டினால் 0.275. ஐந்தால் பெருக்க 1.375.

இத்தனை சின்ன எண்ணில் நாலு பிறப்பு கூடினாலே விடை 1.475 ஆகிவிடும். மூன்று ஆண்டுச் சராசரி இல்லாமல் வெளியிடாதீர்கள். கல்யாணம் தள்ளிப்போகும் காலத்தில் இந்த எண் தற்காலிகமாக இன்னும் கீழே காட்டும், ஏனென்றால் பிள்ளை இல்லாமல் போகவில்லை, பின்னால் வருகிறது. 45–49 வயதுப் பெண்கள் மொத்தம் பெற்றதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கரையோரக் குடிசைத் தெருக்களைத் தெற்கே மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ மாற்றினால், அந்த வார்டில் பிறப்பு விழும். அது கருவளம் குறைந்தது அல்ல, தாய்மார்களை லாரியில் ஏற்றி அனுப்பியது.

பள்ளி ஆசிரியர், மணலி

அதை அப்படியே பள்ளிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை குறைந்தால் மூன்று காரணத்தைப் பிரிக்க வேண்டும்: பிறப்பே குறைந்ததா, தனியார் பள்ளிக்குப் போனார்களா, குடி பெயர்ந்தார்களா. அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கும் ஐந்து வயதுக்காரர்கள் பட்டியலையும் நம் சேர்க்கையையும் ஒத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே காலியாகும் பெஞ்சில் பீகார், ஒடிசாத் தொழிலாளர் பிள்ளைகள் உட்காருகிறார்கள். ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள், சேர்க்கைக்கு அது கட்டாயம் இல்லை.

ஆய்வகத் தொழில்நுட்பர், பெரம்பூர்

பேசாத பக்கம் ஒன்று: பிள்ளை வேண்டும் என்று தவிப்பவர்கள். ஓராண்டு முயன்றும் தரிக்கவில்லை என்றால் பரிசோதனை, பெண்ணுக்கு 35 தாண்டினால் ஆறு மாதத்திலேயே. முதலில் வர வேண்டியது ஆணின் விந்துப் பரிசோதனை. செலவும் குறைவு, வலியும் இல்லை. ஆனால் பெண்ணை நாலு வருடம் ஸ்கேனுக்கு அலைக்கழித்த பிறகுதான் அவன் வருகிறான். இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்து மாதிரி தர வேண்டும். வீட்டிலிருந்து எடுத்து வந்தால் உடல் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்று வந்த மாதிரியை வைத்து முடிவு சொல்லக் கூடாது. ஃபவுண்டரி, பாய்லர் வேலைக்காரரிடம் விந்தணுவைப் பாதிக்கும் சூட்டைப் பற்றிக் கேளுங்கள். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும், எதை மாற்றினாலும் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபரிசோதனை.

மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர், திருவொற்றியூர்

பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுபோகும் வீடுகளில் தெரிவது மறு முனை. 60 தாண்டியவர்கள் 2011இல் மாநிலத்தில் நூற்றுக்கு 10 பேர். 2031இல் 18 பேர் இருப்பார்கள் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. இரண்டு பிள்ளை பெற்ற அந்தத் தலைமுறைதான் இப்போது கிழமாகிறது. பையன் ஒரகடத்தில், பெண் ஆவடியில். கிழவியும் கிழவனும் மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாமல்.

போகும்போது மாத்திரைப் பட்டையை எண்ணுங்கள். மாதம் முடிந்தும் 30இல் 12 மிச்சம் இருந்தால் எடுத்துக்கொடுக்க ஆளில்லை என்று அர்த்தம். காலை மாத்திரைக்குச் சிவப்பு நூல், ராத்திரிக்குக் கறுப்பு நூல் கட்டிக் கொடுங்கள், எழுத்து தெரியாதவர்களுக்கும் புரியும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் போன் நம்பரை அட்டையின் பின்னால் எழுதி வையுங்கள். பிள்ளைகளின் நம்பரில் அழைத்தால், ஷிப்டில் இருக்கும்போது எடுக்க மாட்டார்கள்.