புதுப்பிப்பு: சாட்ஸ்வொர்த் தொண்டு அமைப்பு என்ன ஆயிற்று?
வன்முறைக்கும் எச்ஐவிக்கும் எதிராக, சமூக ஊடகம் வழியாகவே இயங்கும் ஒரு தொண்டு அமைப்பை தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் தொடங்கப்போகிறோம் என்று முன்பு எழுதியிருந்தேனே, அதன் நிலவரம் இது. பதிவுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பேஸ்புக்கில் லைக் விழுகிறது, ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை (மாமியாரும் அதே பக்கத்தில் இருந்தால் எப்படித் திறப்பார்கள்?), வாட்ஸ்அப்பில்தான் எல்லோரும் தூங்கிய பிறகு தாழ்ந்த குரலில் வாய்ஸ் நோட் வருகிறது. அதிகம் பகிரப்பட்ட பதிவு: பாலியல் வன்முறை நடந்தால் 72 மணி நேரத்துக்குள் எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் பெப் (PEP) மாத்திரையைத் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம், அதற்கு முதலில் போலீசில் புகார் கொடுத்திருக்க வேண்டியதில்லை. கடைசி விஷயம் பலருக்குப் புதுசு. அவசரம் என்றால் எங்களுக்காகக் காத்திருக்காமல் பாலின வன்முறைக்கான அரசு உதவி எண் 0800 428 428க்கு அழையுங்கள். அப்புறம், ஜூலு பேசத் தெரிந்த தொண்டர்கள் இருந்தால் சொல்லுங்கள்.