புது இன்ஜின் ரன்-இன்: வீடு வந்து சேந்தாச்சு (அப்டேட்)

புது கார டெலிவரி எடுத்த கையோட, இன்ஜின் ஓடிப் பழகுற ரன்-இன் முடியறதுக்குள்ள, 600 கிலோமீட்டர் ஹைவேல ஓட்டலாமான்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, ஓட்டியாச்சு. ஒரே ஸ்பீடுல போனா பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவத்தோட சரியா உக்காராதுன்னு சொன்னீங்க, அதனால ஒரே ஸ்பீட தானா புடிச்சு வைக்கிற க்ரூஸ் கன்ட்ரோல் பக்கமே போகாம, இன்ஜின் சுத்துற வேகத்த 2000லருந்து 3500 ஆர்பிஎம்முக்குள்ள ஏத்தி எறக்கி, எறக்கத்துல ஆக்சிலேட்டர விட்டு இன்ஜின் பிரேக்கிங்லயே உருட்டிட்டு வந்தேன், பின்னாடி வந்த லாரிக்காரர் நான் தூங்கிட்டேன்னு நெனச்சாரோ என்னமோ ஹாரன் அடிச்சே கொன்னுட்டார். நடுவுல பானெட்லருந்து லேசா கருகுற வாசன, பதறிப்போய் ஓரங்கட்டினேன். எக்ஸாஸ்ட் மேல இருக்குற கோட்டிங் மொத தடவ சூடாகுறப்ப அப்படித்தான் வருமாம், கொஞ்ச நேரத்துல தானா நின்னுருச்சு. காலைல இன்ஜின் ஆறினப்புறம் ஆயில் அளவு பாக்குற குச்சிய (டிப்ஸ்டிக்) இழுத்துப் பாத்தேன், ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழ, கலர் இன்னும் தேன் மாதிரி. 1000 கிலோமீட்டர் தாண்டுற வரைக்கும் ஆக்சிலேட்டர முழுசா மிதிக்கிற ஃபுல் த்ராட்டில் கெடையாது, மச்சான் கேட்டாலும் சாவி தரமாட்டேன்.