எண்டோலீக்: உட்கசிவா, பைக்கசிவா?

வெள்ளவத்தையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். வயிற்றுப் பெருநாடி (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் பெரிய குழாய்) புடைத்தவர்களுக்குத் தொடை நாடி வழியாக ஸ்ரென்ற் குழாய் (துணி போர்த்த உலோக வலைக் குழாய்) வைக்கும் சிகிச்சை பற்றிய துண்டுப்பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘எண்டோலீக்’கில் நிற்கிறேன். குழாய் வைத்த பிறகும் அதற்கு வெளியே, புடைத்த பைக்குள் இரத்தம் போய்க்கொண்டிருப்பது. ‘உட்கசிவு’ என்று போடலாமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தங்கச்சி, ‘உட்கசிவு’ என்றால் உடம்புக்குள் இரத்தம் பெருகுது என்றுதான் சனம் பயப்படும். ‘பைக்கசிவு’ என்று போடுங்கோ. நாடி (ஆர்ட்டரி), நாளம் (வெயின்) இரண்டும் வடமொழி, ‘குருதிக்குழல்’ நல்லது. ‘புடைப்பு’ மட்டும் அருமையான சொல். புடை என்றால் பக்கம். பக்கம் தள்ளி நிற்பதே புடைப்பு என்று நான் நினைக்கிறேன். சுளகில் புடைப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

சத்திரசிகிச்சைப் பிரிவு வைத்தியர்:
மாஸ்டர், ‘பைக்கசிவு’ ஆபத்து. பையிலிருந்து கசிவு என்று ஐந்தாம் வேற்றுமையாக விரித்தால் பை வெடித்ததாகிவிடும். பைக்குள் கசிவு என்று ஏழாம் வேற்றுமையாக விரித்தால்தான் சரி. எண்டோலீக்கில் பல வகை உண்டு. குழாயின் நுனி நாடிச் சுவரில் பிடிக்காமல் வருவது முதல் வகை. துணி கிழிந்தோ துண்டுகள் கழன்றோ வருவது மூன்றாம் வகை. இரண்டையும் தாமதிக்காமல் அடைக்கவேண்டும். அதிகம் காண்பது இரண்டாம் வகை: கிளை நாடிகளிலிருந்து இரத்தம் பின்னோக்கிப் பைக்குள் வரும். பல தானாக நிற்கும். பை பெருக்காதவரை ஸ்கான் எடுத்துப் பார்த்துவருவோம். ஐந்தாம் வகையில் கசிவே தெரியாது, பை மட்டும் பெருக்கும். அதற்கு ‘கசிவு’ பொருந்துமா?

‘நாடி’யை விடமுடியாது. எங்கட பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தில் நாடி, நாளம் என்றே படிக்கிறார்கள். தமிழ்நாட்டுத் ‘தமனி’யும் வடமொழிதானே? 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். படிக்கிறவனுக்கு விளங்கவேண்டும் என்பதுதான் அங்கே முதல் தேவை.

மொழிபெயர்ப்பாளர்:
முதல் இடத்தில் ‘குழாய்க்கு வெளியே, பைக்குள் கசிவு’ என்று விரித்தும், பிறகு ‘குழாய்ப்புறக் கசிவு’ என்றும் போடுகிறேன். மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள். ஐந்தாம் வகைக்கு ‘கசிவு தெரியாத பை பெருப்பு’ என்று விளக்கம் மட்டும் வரும்.

தமிழாசிரியர்:
‘புறம்’ என்றால் உடம்புக்கு வெளியே என்று எடுக்கமாட்டார்களா? எனக்கு உடன்பாடில்லை. அச்சடியுங்கோ, அடுத்த பதிப்புக்கு முன் இதை மறுபடி எடுக்கவேண்டும்.