நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க: பத்து ஆண்டு வசிப்புக் கணக்கு எப்படி?

தெம்பனீஸ்வாசி:
வணக்கம். என் தங்கை மகன் பள்ளிப் பருவத்திலேயே சிங்கப்பூருக்கு வந்து, நிரந்தரவாசியாகத் தேசிய சேவையை முடித்து, பிறகு குடியுரிமை பெற்றவர். அதன்பின் சில ஆண்டுகள் லண்டனில் பணியாற்றித் திரும்பி, இப்போது அரசாங்கப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறார். அடுத்த பொதுத்தேர்தலில் நிற்க விரும்புகிறார். குடியுரிமை பெற்ற நாளிலிருந்துதான் பத்து ஆண்டுகள் எண்ணப்படுமா, லண்டனில் இருந்தது தடையாகுமா என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறோம். விவரம் அறிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

பிடோக் பெரியவர்:
அரசமைப்புச் சட்டத்தின் 44ஆவது பிரிவின்படி, வேட்புமனுத் தாக்கல் நாளன்று அவர் 21 வயது நிரம்பிய குடிமகனாகவும் வாக்காளர் பதிவேட்டில் பெயர் உள்ளவராகவும் சிங்கப்பூரில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். அதற்கு முன் எல்லாக் காலத்தையும் கூட்டிப் பத்து ஆண்டுகளாவது இங்கு வசித்திருக்க வேண்டும். விட்டுவிட்டு வசித்திருந்தாலும் குற்றமில்லை. குடிமகனாக வசித்த ஆண்டுகளே சேரும் என்று அப்பிரிவு சொல்லவில்லை. ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகியவற்றுள் ஒன்றில் மன்ற நடவடிக்கைகளில் பங்கேற்கும் அளவுக்குத் தேர்ச்சி வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கும் சட்டப்படி தடையில்லை. ஆனால் முழுநேர அரசுப் பணியில் இருந்துகொண்டு நிற்க இயலாது. ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத்தான் மனுத் தாக்கல் செய்ய வேண்டும்.

ஈசூன் வாக்காளர்:
எனக்கு உறுத்துவது லண்டன் காலத்தில் நடந்த தேர்தல்கள். 2023 அதிபர் தேர்தலிலோ 2025 பொதுத்தேர்தலிலோ அவர் வாக்களிக்காமல் விட்டிருந்தால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டிருக்கும். அதை மீட்கும்வரை வாக்களிக்கவும் முடியாது, வேட்பாளராகவும் முடியாது. வெளிநாட்டில் வேலை பார்த்தது ஏற்கத்தக்க காரணமே என்பதால் 50 வெள்ளி கட்ட வேண்டியிராது. ஆனாலும் பெயர் தானாகத் திரும்பி வராது, அவர்தான் தேர்தல் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். தேர்தலை நடத்தச் சொல்லும் அதிகாரபூர்வ ஆணை வெளிவந்த பிறகு ஓடினால் பயனில்லை.

தெம்பனீஸ்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. பெயர் நீக்கம் பற்றி எங்களில் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் கேட்டுவிடுகிறேன்: மது அருந்திவிட்டுக் காரோட்டியதற்காக 2024இல் அவருக்கு 4,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

பிடோக் பெரியவர்:
அது அவரைத் தடுக்காது. ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறை, அல்லது 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் விதிக்கப்பட்டால்தான் 45ஆவது பிரிவின்படி தகுதி இழப்பு வரும். அதுவும் ஐந்து ஆண்டுகளுக்கே. இந்த வரம்பு முன்பு 2,000 வெள்ளியாக இருந்து, 2022இல்தான் உயர்த்தப்பட்டது. 1986இல் எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஜெ.பி. ஜெயரத்தினம் ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் பெற்று ஆன்சன் தொகுதியை இழந்தது பழைய வரம்பின் கீழ்தான். 2025 பிப்ரவரியில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பிரித்தம் சிங்குக்கு இரு குற்றச்சாட்டுகளுக்குத் தலா 7,000 வெள்ளி விதிக்கப்பட்டபோது பலர் இரண்டையும் கூட்டிப் பார்த்துப் பதறினார்கள். ஒவ்வொரு குற்றத்திற்கும் உரிய தொகையே கணக்கு என்று தேர்தல் துறை விளக்கியது.

பணத்தையும் இப்போதே யோசிக்கச் சொல்லுங்கள். சென்ற தேர்தலில் வைப்புத்தொகை ஒருவருக்கு 13,500 வெள்ளி; செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அது திரும்ப வராது. பலர் ஓரணியாகச் சேர்ந்து போட்டியிடும் குழுத்தொகுதியில் சிறுபான்மை வேட்பாளராக நிற்பதென்றால், இந்திய, இதர சிறுபான்மைச் சமூகக் குழுவின் சான்றிதழுக்கும் அவர் விண்ணப்பிக்க வேண்டும்.