இரத்த வங்கி பிரிட்ஜ் 8 பாகை காட்டுகிறது, அவசரம்

வல்லிபுரத்தான்:
காலையில் வந்து பார்த்தால் பிரிட்ஜ் 8 காட்டுகிறது, அலாரம் அடிக்கிறது. உள்ளே 31 பை செங்குருதி. மத்தியானம் ஒப்பரேஷன் தியேட்டருக்கு 2 பை கேட்டிருக்கிறார்கள். கொடுக்கலாமா? கெதியாகச் சொல்லுங்கோ.

நல்லூர்த்தம்பி:
எவ்வளவு நேரமாக 8? இரவு கரண்ட் போனதா? இரத்தத்துக்கென்று செய்த பிரிட்ஜா, வீட்டுப் பிரிட்ஜா? இது தெரியாமல் என்ன சொல்வது?

கரண்ட்மாமா:
வோல்டேஜ்தான், வேறொன்றும் இல்லை. குறைந்த வோல்டேஜில் கொம்பிரசர் ஸ்ரார்ட் எடுக்காமல் திணறும். ஸ்ரபிலைசர் இருக்கிறதா? பின்பக்கம் காதை வைத்துக் கேளுங்கோ, உறுமி உறுமி நின்றால் அதுதான்.

சாவகச்சேரியான்:
பழுதாக முன்னம் பைகளை ப்ரீசருக்குள் மாற்றிவிடுங்கோ.

செங்குருதி:
சாவகச்சேரியான், தெரியாவிட்டால் எழுதாதீர்கள். ப்ரீசரில் வைத்தால் பனித்துகள் உண்டாகி இரத்த அணுக்கள் வெடிக்கும். உடைந்த அணுவின் ஹீமோகுளோபின் நோயாளியின் சிறுநீரகத்தைத்தான் தாக்கும். உறையவைப்பதென்றால் கிளிசரோல் சேர்த்து −65க்குக் கீழே வைக்கவேண்டும், அது வேறு வேலை.
வல்லிபுரத்தான், பயிற்சியில் முதல் கிழமையே படித்திருப்பீர்கள்: இருப்புக்கு 2 முதல் 6 பாகை. 31 பையையும் 'பாவிக்க வேண்டாம்' என்று ஒதுக்கிவிட்டு இரத்த வங்கி வைத்தியருக்குப் போன் எடுங்கள். முடிவு அவருடையது, உங்களுடையதும் இல்லை, எங்களுடையதும் இல்லை.

வல்லிபுரத்தான்:
ஒதுக்கியாச்சு, வைத்தியர் சேருக்கும் சொல்லியாச்சு. இரத்த பிரிட்ஜ்தான், கரண்ட் போகவில்லை. இப்ப 5 காட்டுது. திரும்ப 7.

நல்லூர்த்தம்பி:
பைகளுக்கு என்ன வயது? பழசென்றால் எனக்குப் பயம். அவசரத்துக்குப் புது இரத்தம்தான் நல்லது.

செங்குருதி:
இதுவும் பழைய கதை. சலைன், அடினின், குளுக்கோஸ், மனிற்றோல் சேர்த்த பை 42 நாள் தாங்கும், சிபிடிஏ என்ற, இரத்தம் உறையாமல் காக்கும் கரைசல் மட்டும் உள்ள பை 35 நாள். புதியதையும் பழையதையும் ஒப்பிட்ட இரண்டு பெரிய ஆய்வுகள் 2015இல் வந்தன, ஒன்று தீவிர சிகிச்சையில், மற்றது இதய அறுவையில். இரண்டிலும் வித்தியாசம் காணவில்லை.

நல்லூர்த்தம்பி:
பெரியவர்களுக்குச் சரி. பச்சைக்குழந்தைக்கு இரத்தம் மாற்றும்போது ஏன் 5 நாளுக்குட்பட்ட பை தேடுகிறோம்? நாளாக நாளாக அணுவுக்குள் இருக்கும் பொற்றாசியம் வெளியே கசிகிறது. ஒக்சிசனை இழையங்களுக்கு விட்டுக்கொடுக்க உதவும் 2,3-டிபிஜியும் இரண்டு கிழமையில் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

செங்குருதி:
அந்த டிபிஜி, இரத்தம் உடம்புக்குள் போனதும் ஓரிரு நாளில் திரும்ப ஊறிவிடும். குழந்தை விசயத்தில் மட்டும் நீங்கள் சொல்வது சரி.

கொக்குவில் அக்கா:
சண்டையைப் பிறகு பிடியுங்கோ. தம்பி, 7இலிருந்து 5க்கு இறங்க எத்தனை நிமிடம்? வெப்பப் பதிவுத்தாளில் கோடு வழுவழுப்பாகப் போகிறதா, வாள்பல் மாதிரியா?

வல்லிபுரத்தான்:
அஞ்சு நிமிடம் அக்கா. வாள்பல்தான்.

கொக்குவில் அக்கா:
அப்ப பையின் சூடு இல்லை அது. 300 மில்லி லீற்றர் பை ஒன்று அஞ்சு நிமிடத்தில் இரண்டு பாகை ஏறி இறங்காது, காற்றுத்தான் அப்படி ஆடும். மேல்தட்டு மூலையில் சின்னக் குப்பி ஒன்று இருக்கும், வெப்பத்தை அளக்கும் புறோப் வயர் அதற்குள் தண்ணியில் நிற்கவேண்டும். குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கோ, தண்ணி நிற்கிறதா? வற்றியிருந்தால் புறோப் காற்றின் சூட்டைத்தான் காட்டும். அப்புறம் வேறொரு வெப்பமானியை இரண்டு பைக்கு நடுவே வைத்து றப்பர் பாண்ட் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கோ.
என்னிடமும் ஒருமுறை இப்படித்தான். சோளகம் தொடங்கிய மாதம், குப்பியின் மூடி வெடித்திருந்தது. மூன்று நாள் அலாரத்தோடு அல்லாடினேன். நல்ல பைகளைக் கொட்டிவிட்டு, கொடுத்தவர்களின் முகத்தை நினைத்து அழுதேன்.

கரண்ட்மாமா:
குப்பி சரியென்றால் கதவு றப்பரையும் பாருங்கோ. கடதாசி ஒன்றை வைத்துக் கதவை மூடி இழுங்கோ. லேசாக வந்தால் றப்பர் போச்சு.

செங்குருதி:
அக்கா சொன்ன குப்பியை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் வைத்தியர் விடுவிக்கும்வரை ஒரு பையும் அசையக்கூடாது. வெளியே எடுப்பதும் வேண்டாம். 30 நிமிடம் தாண்டிய பையைத் திரும்ப இருப்பில் சேர்க்கமாட்டார்கள்.

வல்லிபுரத்தான்:
குப்பி வறண்டு அடியில் மஞ்சள் கறை மட்டும் கிடந்தது. பைகளுக்கு நடுவே 4.2. சேர் பதிவுத்தாளையும் பைகளையும் பார்த்து விடுவித்தார். 2 பை தியேட்டருக்குப் போய்விட்டது. நன்றி அக்கா.

கொக்குவில் அக்கா:
சந்தோசம் தம்பி. 10 வீதக் கிளிசரோல் கலந்து ஊற்றுங்கோ, வெறும் தண்ணி கெதியாக வற்றும். நேற்று முந்தாநாள் பதிவுத்தாளிலும் வாள்பல் இருக்கிறதா? அப்போது யார் பார்த்துக் கையெழுத்து வைத்தது?

நல்லூர்த்தம்பி:
தம்பி, அக்கா கேட்டதற்குப் பதில் போடுங்கோ.