அம்மம்மா தமிழில் பேச, போன் ஆங்கிலத்தில் எழுதுகிறது. உதவி தேவை

அம்மம்மாவுக்கு 78 வயது, கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறா. கை நடுங்குவதால் எழுத்துகளைத் தட்ட முடியாது. ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்குக் காது மந்தம், குரல் பதிவு அனுப்பிப் பயனில்லை, எழுத்துதான் வேண்டும். மைக்கைத் தட்டிவிட்டு "நான் சாப்பிட்டேன்" என்றால் அர்த்தமில்லாத ஆங்கிலச் சொற்கள் வருகின்றன. சில நேரம் எழுத்தே வராமல் குரல் பதிவாகப் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1
கீபோர்டின் மொழி ஆங்கிலமாக இருந்தால் என்ன பேசினாலும் அதை ஆங்கிலமாகத்தான் எடுக்கும். ஜிபோர்ட் (கூகுளின் கீபோர்ட்) என்றால் அதன் செட்டிங்ஸில் லாங்குவேஜஸுக்குப் போய்த் தமிழைச் சேருங்கள், இலங்கைத் தமிழ் என்று தனியாகவே இருக்கும். 2017இல் இருந்தே அதில் பேசி எழுதலாம். சேர்த்த கையோடு ஆங்கிலத்தை எடுத்துவிடுங்கள். இரண்டு மொழி இருந்தால், நடுங்கும் விரல் ஸ்பேஸ் பாரில் கொஞ்சம் நேரம் நின்றாலே மொழி மாற்றும் பெட்டி திறந்துவிடும், அவங்க பயந்துபோய் போனையே வைத்துவிடுவாங்க.

பதில் 2
குரல் பதிவாகப் போவதற்குக் காரணம் வேறு மைக். வட்ஸ்அப்பில் ஓரத்தில் பச்சை வட்டத்துக்குள் இருப்பது குரல் பதிவுக்கு. எழுதும் மைக் கீபோர்டின் மேல் வரியில் இருக்கிறது, எழுதும் பெட்டியைத் தொட்டுக் கீபோர்ட் மேலே வந்தால்தான் அது கண்ணுக்கே தெரியும். பச்சையை அழுத்திப் பிடிக்க வேண்டும், இதை ஒருதரம் தட்டினால் போதும். தயவுசெய்து போனை அவங்க கையிலிருந்து வாங்கிச் செய்து காட்டாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்லுங்க, அவங்க விரலே தட்டட்டும்.

கேட்டவர்
தமிழ் வருகிறது, நன்றி! ஆனால் யோசித்து யோசித்துப் பேசுவா, நடுவில் மைக் நின்றுவிடுகிறது.

பதில் 2
பேச்சு நின்றால் அதுவும் நின்றுவிடும். முழு வசனத்தையும் மனதில் வைத்துக்கொண்டு தட்டச் சொல்லுங்க, நின்றால் திரும்பத் தட்டலாம், எழுதினது அழியாது. காலி (Galle) வீதிப் பக்கத்து ஜன்னலையும் சாத்திவிடுங்க, பஸ் ஹோர்ன் சத்தத்தில் சொல் மாறும்.

பதில் 1
ஒன்று முக்கியம். மருந்துப் பெயர், மில்லிகிராம் எல்லாம் பேசி எழுதினால், அனுப்ப முன் நீங்கள் ஒருதரம் வாசித்துப் பாருங்கள். ஐந்தும் ஐம்பதும் மாறினால் ஆபத்து.